இறால் வண்டியின் பூட்டு

திருத்துறைப்பூண்டி போகும் சாலையில், மூடிக்கிடந்த ஒரு ரைஸ்மில்லின் பின்பக்கத்தில்தான் ஜெகபர் அலி பாயின் வண்டிக் கொட்டகை இருந்தது. பழைய வண்டிகளை வாங்கி விற்கிற தரகர் அவர். மில் சுவரில் முந்தைய தேர்தலுக்கு எழுதிய சின்னத்தின் மேல் சுண்ணாம்பு அடித்து, அடுத்த கட்சியின் சின்னத்தை வரைந்திருந்தார்கள். பழையது அடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆட்சி மாறிய வருஷத்து ஆவணி மாதம் அது. தியாகேசனும் அவன் மனைவி நீலாயதாட்சியும் பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலுக்குத் துண்டையும் முந்தானையையும் தலையில் போட்டுக்கொண்டு வண்டி பார்க்க வந்தார்கள்.

தியாகேசனுக்குத் தொழில் பூட்டு. சாவி செய்கிறவர்கள் பொதுவாகக் கடைத்தெருவில் குடையை விரித்துவிட்டு, வருகிறவர்களுக்காகக் காத்திருப்பார்கள். இவன் அந்த ரகம் இல்லை. பூட்டு எங்கே மக்கர் பண்ணுகிறதோ அங்கே இவனே போய் நிற்பான். திருவாரூரிலிருந்து வேதாரண்யம் வரைக்கும் உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத பூட்டு எது? வேலைக்குப் பஞ்சமே இல்லை. பூட்டைத் திறப்பது அவன், சாவியை வெட்டுவது நீலா. அரம் பிடிப்பதில் அவள் கை அவனுடையதை விட நிதானம். இரண்டு பேரும் ஒரு டி.வி.எஸ். ஃபிஃப்டியில், சாவிக் கொத்துகள் குலுங்க, கோயில் மாடு வருவது போல ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அப்படிப் போனதில்தான் போன வருஷம் முதல் பிள்ளை கலைந்தது. இப்போது மறுபடியும் ஐந்தாம் மாதம். 'இனிமே ரெண்டு சக்கர வண்டியில ஏறுனா நான் பொறுப்பில்ல' என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லிவிட்டார். வீட்டில் இரு என்றால் நீலா கேட்கிற ஆளா? அதனால்தான் இந்த வண்டி தேடல். இந்தப் பிள்ளையாவது கைக்கு வந்து சேர வேண்டும். தியாகேசனுக்கு அதைத் தவிர அந்த வருஷம் வேறு எந்த வேண்டுதலும் இல்லை.

கொட்டகையில் மூன்று வண்டிகள் நின்றன. முதலாவது வெள்ளை ஆம்னி. தாழ்வான வண்டி, நாலு பக்கமும் கண்ணாடி. நீலா ஏறி உட்கார்ந்து ஜன்னலைத் தள்ளிப் பார்த்து, "ஏங்க, இது போதுங்க. நல்லாக் காத்து வருது" என்றாள்.

"சாவி வெட்டுற மிஷின வச்சா நீ எங்க உக்காருவே?" என்றான் தியாகேசன்.

இரண்டாவது ஒரு மேட்டடார் வேன். யாரோ உப்பு மூட்டை ஏற்றியே அதன் தரையைத் தின்ன வைத்திருந்தார்கள். கால் வைத்த இடம் பொதபொதவென்றது.

மூன்றாவது, கொட்டகையின் கோடியில் தனியாக நின்றது. முன்னால் டிரைவர் கேபின், பின்னால் நாலு பக்கமும் தகரம் அடித்த பெட்டி. கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவில்கூட ஒரு துவாரம் கிடையாது. பின்பக்கம் ஒற்றைக் கதவு.

"இறால் ஏத்துன வண்டி தம்பி. ஐஸ் கரையாம நிக்கணும்னு அடிச்ச பாடி. பொட்டுக் காத்து உள்ள போவாது" என்றார் பாய்.

"அதான் பாய் நமக்கு வேணும். காத்து போனா சாவியெல்லாம் ஒரே மாசத்துல துரு ஏறிடுது."

வண்டி வாங்க வருகிறவன் இன்ஜினைப் பார்ப்பான், டயரை உதைத்துப் பார்ப்பான். தியாகேசன் பூட்டைப் பார்த்தான். பூட்டுக்காரனுக்கு உலகமே பூட்டுதான், என்ன செய்ய. கதவில் இருந்தது கெட்டியான பித்தளைப் பூட்டு. கதவைச் சாத்தினால் தானே விழுந்து பூட்டிக்கொள்ளும். துவாரம் கதவை முழுக்க ஊடுருவி, வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் சாவி போடுகிற மாதிரி இருந்தது. கதவின் தகரத் தகடு ஒன்றைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். அதில் சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரே கீறல். இரண்டிரண்டு கோடாக, பக்கம் பக்கமாக, ஆழமாக.

தியாகேசன் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா பாய்? எவனோ திருட்டுப்பய விடிய விடிய நோண்டியிருக்கான். பூட்டு அசைஞ்சு கொடுக்கலயே! இதுல்ல பூட்டு."

பாய் அந்தத் தகட்டைப் பார்க்கவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மில் புகைபோக்கியைப் பார்த்தார்.

"யாருது பாய் வண்டி?" என்று கேட்டாள் நீலா.

"கடக்கரப் பக்கம் ஏதோ பண்ணையில ஓடுனதுன்னாங்க. நாலு கை மாறி என்கிட்ட வந்துச்சு தங்கச்சி. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

நெல் விளைந்த நிலத்தை வெட்டிக் குளமாக்கி, கடல்தண்ணியை விட்டு இறால் வளர்த்த காலம் அது. பக்கத்து வயலெல்லாம் உப்பேறிக் கருகியது. குத்தகைக்காரர்கள் மறியல் செய்தார்கள், மண்டை உடைந்தது, வழக்கு நடந்தது, சில பண்ணைகள் மூடின. அந்தப் பண்ணை வண்டிகள் இப்படிச் சல்லிசாகச் சந்தைக்கு வந்தன. யாரும் ஒன்றும் துருவிக் கேட்கவில்லை.

"காத்து இல்லாம நான் எப்படிங்க உள்ள உக்காந்து வேல பாப்பேன்?" என்றாள் நீலா.

"பக்கத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டித் தரேன். உன் வளைகாப்புக்குள்ள. போதுமா?"

அவள் இன்னொரு தடவை அந்த ஆம்னியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு புருஷன் முகத்தைப் பார்த்து, சரி என்று தலையாட்டினாள்.

*

வண்டி நன்றாகத்தான் ஓடியது. நீலா உள்ளே ஆணி அடித்து, சாவிகளை ரகம் ரகமாக மாட்டினாள். பேட்டரியில் ஓடுகிற மிஷினைக் கதவோரம் வைத்துக்கொண்டாள். கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க, வெளிப்பக்கம் ஒரு இரும்புக் கொக்கி போட்டுக் கொடுத்தான் தியாகேசன். ஜன்னல் மட்டும் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போனது.

முதல் தடவை அது தலைஞாயிற்றில் நடந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவர், வீட்டுச் சாவியை அங்கேயே விட்டுவிட்டு வந்து வாசலில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். உச்சி வெயில். வண்டியைத் தெருவில் நிறுத்திப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் இறங்கினார்கள்.

தியாகேசன் தொழிலில் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தான். எந்தப் பூட்டில் கை வைப்பதற்கு முன்னும் கதவை மூன்று தரம் தட்டி, 'உள்ளே யாராச்சும் இருக்கீங்களா?' என்று கேட்பான். சொல்லாமல் திறப்பவன் திருடன், கேட்டுத் திறப்பவன் தொழிலாளி என்பது அவன் கணக்கு. பூட்டுத் தொங்கினாலும் கேட்பான், பாழடைந்த வீடானாலும் கேட்பான். அன்றைக்கும் தட்டிக் கேட்டான்.

"பூட்டுன வீட்டுல யாருப்பா இருப்பா?" என்று சிங்கப்பூர்க்காரர் சிரித்தார்.

டொக். டொக். டொக்.

சத்தம் வீட்டுக்குள்ளிருந்து வரவில்லை.

முதுகுக்குப் பின்னால், வண்டியிலிருந்து வந்தது.

நீலா வேப்பமரத்தடியில் நின்று சொம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். சொம்பு வாயருகே அப்படியே நின்றது. அவள் அவனைப் பார்த்தாள்.

"வண்டில ஆள் இருக்கா தம்பி?" என்றார் சிங்கப்பூர்க்காரர்.

"இல்லீங்க."

தியாகேசன் போய்க் கதவைத் திறந்தான். அனல் முகத்தில் அடித்தது. அதோடு ஒரு வாடை. நாற்றுப் பறித்த வயலின் சேற்று வாடையும், தேங்கிய உப்புத்தண்ணீரின் வாடையும் கலந்து வந்தது. உள்ளே யாரும் இல்லை. ஆணிகளில் மாட்டியிருந்த சாவிகள் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. காற்றுப் புகாத பெட்டி அது.

திரும்பி வரும்போது நீலா மெதுவாகச் சொன்னாள். "உங்ககிட்ட சொல்ல வேணாம்னு இருந்தேன். நான் சாவி வெட்டுறப்ப கூட ஒரு சத்தம் கேக்குதுங்க. இரும்பு மேல இரும்ப வச்சு ஒரசுற மாதிரி. நான் மிஷின நிறுத்துனா அதுவும் நின்னுடுது."

"தகரம் சூடேறுனா அப்படித்தான் சத்தம் போடும்."

"தகரம் பெருமூச்சு விடுமா?"

அவனுக்கும் பயம்தான். பிள்ளைத்தாச்சியிடம் பயத்தைக் காட்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான்.

வீட்டுக்கு வந்ததும், அவள் சமையல்கட்டுக்குப் போன நேரம் பார்த்து, கதவைத் திறந்து, வாங்கும்போது பாயின் ஆள் பொருத்திக் கொடுத்த அந்தத் தகட்டைப் பார்த்தான். கீறல்கள் உள்பக்கம் பார்த்து இருந்தன.

பாயின் ஆள் தகட்டை மாற்றிப் பொருத்திவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தான். நினைத்தான் என்ன, அப்படியே இருக்கட்டும் என்று சாமியைக் கும்பிட்டான். திருகுகளைக் கழற்றி, தகட்டைத் திருப்பி வைத்துப் பார்த்தான். ஓட்டைகள் பொருந்தவில்லை. கதவின் வெளிப்பக்கம் கொண்டுபோய் வைத்துப் பார்த்தான். அங்கேயும் சேரவில்லை. அந்தத் தகடு ஒரே ஒரு விதத்தில்தான் உட்கார்ந்தது.

உள்ளே. கீறல் உள்பக்கம் பார்க்க.

வெளியிலிருந்து எந்தத் திருடனும் அதைத் தொட்டிருக்க முடியாது.

அவன் திருகுகளை மறுபடியும் முடுக்கினான். ஒன்று கை நழுவிக் கீழே விழுந்து உருண்டது. நீலாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலையில் முதல் வேலையாக ஜன்னல் வெட்டுவதற்கு வெல்டிங் பட்டறைக்கு ஓடினான். பட்டறை பூட்டியிருந்தது. வெல்டிங்காரர் லாரி ஏறிக் கட்சி மாநாட்டுக்குப் போயிருந்தார். அவன் வெறும் கையோடு திரும்பினான்.

அன்றைக்கே ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தலைஞாயிறு தாண்டி, கடற்கரைப் பக்கம் ஒரு ஊரில், அமிர்தம் என்ற பெண்ணுக்கு டிரங்குப் பெட்டி திறக்க வேண்டுமாம். போக வேண்டாம் என்று அவனுக்குத் தோன்றியது. 'தனியா வீட்ல உக்காந்து பயந்து சாவ மாட்டேன், நீங்க இருக்கிற எடத்துல நானும் இருக்கேன்' என்று நீலா ஏறிவிட்டாள்.

*

ஊருக்குள் வண்டி போகவில்லை. வாய்க்கால் கரையில் நிறுத்த வேண்டியதாயிற்று. புரட்டாசி வெயில் மண்டையைப் பிளந்தது. மருந்துக்கு ஒரு மரம் இல்லை. கரைக்கு அந்தப் பக்கம் வரிசையாக இறால் குளங்கள், தண்ணீர் வற்றி, உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடந்தன. நடுவில் ஓடு சரிந்த ஒரு கட்டடம். பண்ணையின் பெயர்ப்பலகையை யாரோ தார் பூசி அழித்திருந்தார்கள்.

கூப்பிடு தூரத்தில்தான் அமிர்தத்தின் கூரை வீடு. தலைஞாயிற்றுச் சிங்கப்பூர்க்காரருக்கு இன்னொரு சாவி வெட்ட வேண்டியிருந்ததால் நீலா வண்டியிலேயே இருந்தாள். தியாகேசன் கதவைப் பின்னால் தள்ளி, கொக்கியை மாட்டி, இழுத்துப் பார்த்தான். மறுபடியும் இழுத்துப் பார்த்தான்.

"சத்தம் கேட்டா மிஷின அப்படியே விட்டுட்டு எறங்கி வந்துரு."

"சரிங்க. போயிட்டு வெரசா வாங்க."

மிஷின் ஓடுகிற சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் அவனுக்கு நிம்மதி.

அமிர்தத்துக்கு நாற்பது வயது இருக்கலாம். நடவு வேலையில் கறுத்த கை. மூலையிலிருந்து ஒரு பச்சை டிரங்குப் பெட்டியை இழுத்து வைத்தாள். "அவரோட கல்யாண வேட்டி இதுலதான் தம்பி இருக்கு. அமாவாசைக்கு வச்சுப் படைக்கணும். சாவி அவரோடயே போயிருச்சு."

"எங்கக்கா போயிருச்சு?"

"அரைஞாண் கயித்துல கட்டியிருப்பாரு. பண்ணைக்காரங்க நம்ம குத்தகை நிலத்தையும் கேட்டாங்க. தர மாட்டேன்னு இவரு மறியல்ல நின்னாரு. சித்திரையில ஒரு நா, பேசித் தீத்துக்கலாம் வான்னு கூட்டிட்டுப் போனாங்க. மறுநா வாய்க்கால்ல கெடந்தாரு." அவள் பெட்டியின் மேல் இருந்த தூசியைக் கையால் துடைத்தாள். "குடிச்சிட்டு விழுந்துட்டாருன்னு எழுதிட்டாங்க. அவரு குடிக்கவே மாட்டாரு. தண்ணியில விழுந்தவருக்கு எப்படி தம்பி பத்து வெரல் நகமும் பேந்து போவும்?"

தியாகேசனின் கை பெட்டிப் பூட்டில் நின்றுவிட்டது.

அவன் குனிந்து துவாரத்துக்குள் பார்த்தான். சின்னப் பூட்டு. இதற்கு எந்தச் சாவி சேரும் என்று பார்த்த மாத்திரத்தில் அவனுக்குத் தெரிந்தது. இரண்டே பல், பக்கம் பக்கமாக.

இரண்டிரண்டு கோடாக, ஆழமாக.

எத்தனை ஆயிரம் சாவி பார்த்தவன் அவன். திருடனின் திருப்புளி எது, சாவியின் பல் எது என்று தெரியாமல் போய்விட்டது. அந்த மனுஷனிடம் உலகத்தில் இருந்தது ஒரே ஒரு சாவி. இந்த டிரங்குப் பெட்டியின் சாவி. அதை வைத்துக்கொண்டு, சித்திரை வெயிலில், காற்றுப் புகாத தகரத்துக்குள், கடைசி மூச்சு வரைக்கும் அந்தப் பூட்டைத் திறக்கப் பார்த்திருக்கிறார். சாவி வழுக்கி வழுக்கித் தகட்டைக் கீறியிருக்கிறது. பிறகு நகத்தால்.

மேலும் ஒன்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

மிஷின் சத்தம் நின்றிருந்தது.

*

அவன் ஓடினான். செருப்பு கழன்றது, வரப்பு முள் குத்தியது, எதுவும் தெரியவில்லை.

வண்டியின் கதவு சாத்தியிருந்தது. கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது.

"நீலா!"

தகரத்தில் கை வைத்தான், சுட்டது. மடியிலிருந்து சாவியை எடுத்துத் துவாரத்தில் நுழைத்தான். பாதியில் நின்றது. அழுத்தினான். இரும்பில் இரும்பு முட்டியது.

அந்தப் பக்கத்திலிருந்து ஏற்கனவே ஒரு சாவி போடப்பட்டிருந்தது.

அது திரும்பியது. மெதுவாக, சேராமல், கரகரவென்று. வெளியே எடுத்தார்கள். அவன் தன் சாவியை நுழைப்பதற்குள் மறுபடியும் போட்டார்கள்.

"நீலா! நீயா சாவி போடுறே?"

"கத்தாதீங்க." பெட்டியின் உள்கோடியிலிருந்து, மூச்சுவிடுவது போல அவள் குரல் வந்தது. "நான் இந்தக் கோடியில இருக்கேன். கதவுகிட்ட ஒருத்தர் உக்காந்திருக்காரு."

"யாரு?"

"தெரியல. இருட்டுல முதுகுதான் தெரியுது. திரும்பிப் பாக்க மாட்டேங்குறாரு. சாவி போட்டுப் போட்டுப் பாக்குறாரு." அவள் மூச்சு வாங்குவது கேட்டது. "எனக்கு மூச்சு முட்டுதுங்க. வயித்துல புள்ள உதைக்குது. பயமா இருக்குங்க."

தியாகேசன் கடப்பாரையை எடுத்து இடுக்கில் கொடுத்து நெம்பினான். திருடன் வரக் கூடாது என்று அவனே ஓரம் முழுக்க இரும்புப் பட்டை அடித்து வைத்திருந்தான். கடப்பாரை வளைந்தது, கதவு அசையவில்லை. எந்தப் பூட்டைப் பார்த்துப் பூரித்துப்போய் இந்த வண்டியை வாங்கினானோ, அந்தப் பூட்டு அவன் பெண்டாட்டியையும் பிள்ளையையும் உள்ளே வைத்துக்கொண்டு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் அழுதான். வாய்விட்டு அழுதான்.

"நீலா! நீலா!"

இந்தத் தடவை அவள் பதில் சொல்லவில்லை.

உள்ளே சாவி மட்டும் கரகரத்துக்கொண்டிருந்தது.

தன் கையை என்ன செய்வதென்று தெரியாமல்தான் அவன் அதைச் செய்தான். ஆயிரம் கதவுகளில் செய்து பழகிய கை. கதவை மூன்று தரம் தட்டினான்.

"உள்ளே யாராச்சும் இருக்கீங்களா?"

கரகரப்பு நின்றது.

அன்றைக்குச் சித்திரையில் இந்தக் கதவுக்கு வெளியே நின்றவர்கள் தட்டுகிற சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

"செல்லதுரைங்க" என்றது உள்ளிருந்து ஒரு குரல். காய்ந்துபோன தொண்டை, ஆனால் மரியாதையான குரல். "குத்தகைக்கார செல்லதுரைங்க. கதவத் தொறங்கய்யா."

அவனுக்குப் பின்னால் ஓடிவந்த அமிர்தம் கரையிலேயே நின்றுவிட்டாள். அவள் வாய் கோணியது. பிறகு நிதானமாக நடந்து வந்து, சுடுகிற தகரத்தில் கன்னத்தை வைத்தாள்.

"நான்தாங்க" என்றாள். "சாவிய உருவுங்க. அது நம்ம பொட்டி சாவிங்க. இதுக்குச் சேராது. வெளியேந்து தொறக்க ஆள் வந்திருக்கு. உருவுங்க."

வாய்க்காலில் ஒரு மீன் துள்ளி விழுந்தது.

பிறகு இரும்பு நழுவுகிற சத்தம்.

தியாகேசனின் சாவி வெண்ணெயில் இறங்குவது போல உள்ளே போனது. கதவு திறந்தது. சேற்று வாடை குப்பென்று வெளியே வந்து அவர்களைத் தாண்டிப் போனது. நீலா கோடியில் சரிந்து கிடந்தாள். அவன் அவளைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடி முகத்தில் தண்ணீரை அடித்தான். அவள் கண் விழித்தாள். முதலில் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மூடியிருந்த வலது கையை விரித்தாள்.

துருவேறிய ஒரு சின்னச் சாவி. இரண்டு பல். துவாரத்தில் அறுந்த அரைஞாண் கயிற்றின் துணுக்கு.

"கையில வச்சாரு" என்றாள். "கை ஜில்லுனு இருந்துச்சுங்க, அவ்வளவு வெயில்லயும்."

அந்தச் சாவியைப் போட்டதும் டிரங்குப் பெட்டி ஒரே திருப்பில் திறந்துகொண்டது. அமிர்தம் வேட்டியை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

*

மூன்று பேருமாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். அங்கே இருந்தவர் கேட்டுவிட்டு, "வண்டியா வந்து சாட்சி சொல்லும்?" என்றார். ஆட்சி மாறியிருந்தது, நாற்காலி மாறவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் அந்தப் பண்ணைக்கு வேறு பெயரில் பலகை ஏறியது. குளங்களுக்கு மறுபடியும் கடல்தண்ணீர் வந்தது. அமிர்தம் அந்தச் சாவியைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டு, தினமும் பண்ணை வாசலில் போய் நிற்கிறாள் என்று கேள்விப்பட்டார்கள்.

தியாகேசன் பூட்டைக் கழற்றி வேதாரண்யம் கடலில் எறிந்தான். பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, சுற்றிலும் கம்பி வைத்த திறந்த பாடி கட்டினான். மழைச்சாரல் அடித்தது, சாவிகள் துருப்பிடித்தன. பிடித்தால் பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டான். தையில் நீலாவுக்குப் பெண் பிறந்தது. கொழுகொழுவென்று, வீடே அதிர அழுகிற குரலோடு. தியாகேசன் பழையபடி சிரிக்க ஆரம்பித்தான்.

மாசியில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பினான். கதவு பூட்டியிருந்தது. குழந்தையோடு நீலா தூங்குவாள், எழுப்ப வேண்டாம் என்று தன் சாவியை எடுத்துச் சத்தமில்லாமல் நுழைத்தான்.

பாதியில் நின்றது.

சாவியை உள்ளேயே விட்டுவிட்டுப் படுத்திருக்கிறாள் என்று நினைத்தான். "நீலா" என்று மெல்லக் கூப்பிட்டான். உள்ளே இருந்த சாவி திரும்பியது. சேராமல், கரகரவென்று.

"ஏங்க, நம்ம வீட்டுக் கதவயே எதுக்கு இப்படி மொறைச்சுப் பாக்குறீங்க?"

குரல் தெருவிலிருந்து வந்தது. நீலா நின்றுகொண்டிருந்தாள். தோளில் குழந்தை. "தடுப்பூசி போட்டுட்டு வரேங்க" என்று சொல்லி, முந்தானை முடிச்சிலிருந்து வீட்டுச் சாவியை அவிழ்த்து நீட்டினாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். வீட்டுக்குள்ளிருந்து கசிந்த அந்தச் சேற்று வாடை அவளுக்கும் வந்துவிட்டது. குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

தியாகேசன் தட்டுவதற்குக் கையைத் தூக்கினான். தூக்கிய கை அப்படியே நின்றது.

உள்ளேயிருந்து தட்டினார்கள். மூன்று தரம். நிதானமாக. பிறகு காய்ந்துபோன அதே குரல்.

"வெளியில யாராச்சும் இருக்கீங்களா?"